ஜாஸ் பாட விரும்பும் மகள்: கிருஷ்ணகிரித் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள், ப்ளூஸ், ஜாஸ் பாடல்களைத் தானே எழுதி மெட்டமைத்துப் பாடுவதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறார் என்றும், அது சோறு போடுமா என்ற கவலையில் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தொடக்க ஆண்டுகளில் மேடை வருமானத்தை மட்டும் நம்பி வாடகைகூடக் கட்ட முடியாது. இத்துறையில் நிலைத்திருப்பவர்களில் பலர் குரல் பயிற்சி அளித்தும், விளம்பரங்களுக்குப் பாடியும், பிறருக்கு மெட்டமைத்துக் கொடுத்தும்தான் காலூன்றினார்கள். ஆகவே மகள் ஒரு பட்டப்படிப்பை முடிக்கட்டும். கணக்கு வழக்கைத் தானே பார்க்க வேண்டிய தொழில் என்பதால் பி.காம். படித்தாலும் வீண்போகாது. பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான் என்பதால், வார இறுதி வகுப்புகளுக்குப் போய்வரலாம். டிரினிட்டி லண்டன் கல்லூரியின் எட்டாம் கிரேடு குரல் தேர்வை இலக்காக வைக்கலாம்.

அவர் கற்ற கர்நாடக சங்கீதம் சுருதிக்கும் தாளத்துக்கும் துணை நிற்கும். ஆனால் கார்டுகளை, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் சேர்க்கைகளை, புதிதாகத்தான் பழக வேண்டும், அதற்குக் கிதாரோ கீபோர்டோ அவசியம். வழக்கமான ப்ளூஸ் பாடல் 12 பார்களில் (தாளத்தின் சம அளவுக் கூறுகளில்) சுழல்வது. முதல் வரியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் வரியில் பதில் சொல்வார்கள், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் வாத்தியம் பேச இடம் விடுவார்கள். கிதார் தனியாக வாசிக்கும்போதும் அந்தப் பன்னிரண்டையும் மனத்துக்குள் எண்ணிச் சரியான இடத்தில் மீண்டும் எடுக்க அவரால் முடிகிறதா என்று பாருங்கள். சான்றிதழைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது பாடல்களின் உரிமையைத்தான், ஏனெனில் சொந்தமாக எழுதிப் பாடுபவருக்கு அதுவே சொத்து. நம் நாட்டுச் சட்டப்படி பாடலின் பதிப்புரிமை, எழுதியவரின் ஆயுட்காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பெற வேண்டிய ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ள நிறுவனங்களை அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். முதல் பாடல்கள் வெளியானதும், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் அவர் உறுப்பினராகட்டும். மெட்டில் நண்பர்கள் யாராவது பங்கேற்றால், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாடல் பிறந்த வாரத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள். பணம் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுப்பது எல்லோருக்கும் சங்கடம்.