நெஞ்செரிச்சலுக்கு எதை வாங்குவது? (கேள்வி-பதில்)

கேள்வி: சாப்பிட்டபின் நெஞ்சு எரிந்தால் ஒமிப்ரசோல் மாத்திரை ஒன்றை விழுங்குகிறேன். ஒரு மணி நேரம் கழிந்தும் எரிச்சல் தணிவதில்லை. எனக்குப் போலி மருந்தை விற்றுவிட்டார்களா?

பதில்: மருந்தின்மேல் ஐயம் வேண்டாம், நீங்கள் அதை உட்கொள்ளும் நேரம்தான் தவறு. இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகளை அடைப்பதே இம்மாத்திரையின் வேலை. உணவு வரும்போதுதான் அந்தப் பம்புகள் முடுக்கம் பெறும் என்பதால், சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே அதை விழுங்கியிருக்க வேண்டும். அப்போதும் முழுப் பலன் தெரிய 1 முதல் 4 நாள்கள் ஆகலாம். எரியும் வேளையில் உடனே தணிக்க, இருக்கும் அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட்தான் பொருத்தம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை நீங்கள் பிரித்தே பார்க்கவில்லை என்று தெரிகிறது.

கேள்வி: வயிற்று அமிலத்தை முறிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் காரநீர் இயந்திரத்தை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கியது மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. பிஎச் (அமிலமா காரமா என்பதைக் காட்டும் அளவு) 9 உள்ள நீரில் வேறு உப்பு ஏதும் கரைந்திராவிட்டால், ஒரு லிட்டர் நீர் பிஎச் 2 உள்ள அமிலத்தில் ஒரே ஒரு மில்லிலிட்டரைத்தான் முறிக்கும். பணம் கட்டிய பிறகுதான் நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

கேள்வி: ஓர் அமிலமுறி மருந்து கேட்கவில்லை என்று வேறு பெயரில் இன்னொன்றையும் வாங்கி, இரண்டையும் சேர்த்துக் குடித்தேன். வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. யார்மீது புகார் செய்வது?

பதில்: யார்மீதும் இல்லை. பெரும்பாலும் இரண்டு புட்டிகளிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருந்திருக்கும். அது மலத்தை இளக்கும், அளவு இரட்டித்தால் கேட்கவே வேண்டாம். அலுமினியம் ஹைட்ராக்சைடு மலச்சிக்கலைத் தரும் என்பதால்தான் பல தயாரிப்புகளில் இரண்டையும் கலக்கிறார்கள். பல ஆண்டுகளாக எனக்குள்ள ஆற்றாமை இதுதான்: முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பி வாங்குகிறோம், உள்ளிருப்பது என்ன என்பதோ பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. பெயர் மாறினால் மருந்து மாறியதாகப் பொருளில்லை, பெயர் மாறாவிட்டால் மருந்து மாறவில்லை என்றும் பொருளில்லை. ரானிடிடின் மருந்தில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் என்டிஎம்ஏ என்ற மாசு காணப்பட்டதால், 2020இல் அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னார்கள்; அந்த மருந்தால் புகழ்பெற்ற ஸான்டாக் என்ற பெயரோ பிறகு அங்கே ஃபமோடிடின் என்ற வேறொரு மருந்தோடு கடைக்குத் திரும்பியது. பழைய பெயரைக் கேட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்? இரும்புச்சத்து மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ உட்கொள்பவர்கள் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆன்டாசிட்டுகள் அவை உடலில் சேர்வதைக் குறைக்கும்.

கேள்வி: எதுக்களிப்பை வேரோடு தீர்க்கும் என்று சொல்லி என் அம்மாவிடம் ஒரு பொடியை விற்றார்கள். மாதாமாதம் அட்டையிலிருந்து பணம் போகிறது. உணவு தொண்டையில் சிக்குகிறது, எடையும் குறைகிறது என்று சொன்னால், மருந்து வேலை செய்வதற்கு அதுவே அடையாளம் என்கிறார்கள்.

பதில்: உங்கள் அம்மாவின்மேல் எந்தத் தவறும் இல்லை, இரவெல்லாம் எரியும் நெஞ்சோடு விழித்திருப்பவர் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளத்தான் செய்வார். விழுங்கச் சிரமப்படுவதும் காரணமின்றி எடை குறைவதும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறிகள். அவற்றை நலத்தின் அடையாளமாகத் திரித்தவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை. உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசை வேண்டாத நேரத்தில் தளர்வதால் அமிலம் மேலேறுகிறது. அதை ஒரு பொடி வேரோடு தீர்க்கும் என்பது விற்பவரின் பேச்சு மட்டுமே. முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அன்றைக்கே வங்கியிடம் எழுத்து மூலம் சொல்லிப் பணம் எடுப்பதை நிறுத்துங்கள். டப்பா, ரசீது, விளம்பரத்தின் படம் எதையும் எறியாமல் வைத்திருந்தால் நுகர்வோர் புகாருக்குப் பயன்படும்.

கேள்வி: இரவு எதுக்களிப்புக்குச் சாய்வுத் தலையணை வாங்க வேண்டுமா, இருக்கும் தலையணைகளை அடுக்கினால் போதாதா?

பதில்: போதாது, அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர உறுதியான கட்டைகளை வையுங்கள், எதையும் வாங்க வேண்டியதில்லை.