சோம்பு விதைக்க ஆடி வேண்டாம், கார்த்திகை போதும்: வாசகர் கேள்வி-பதில்

மளிகைக் கடைச் சோம்பை விதைத்தேன். ஐந்தடி வளர்ந்து மஞ்சளாகப் பூத்திருக்கிறது. இதுதான் அனிஸ் என்கிற அசல் சோம்பா? (கும்பகோணம்)

இல்லை, அது பெருஞ்சீரகம். நம் கடைகளில் சோம்பு என்று பெரும்பாலும் கிடைப்பது அதுதான். அனிஸ் செடி இரண்டடியைத் தாண்டுவது அபூர்வம், பூ வெள்ளை. விதையிலேயே வித்தியாசம் தெரியும். அனிஸ் விதை 3 முதல் 5 மி.மீ. நீளம்தான், சாம்பல் கலந்த பச்சை, மேலே மெல்லிய ரோமம், பலவற்றில் குட்டிக் காம்பு ஒட்டியிருக்கும். பெருஞ்சீரகம் அதைவிட நீளம், வழவழப்பு, வரிகள் எடுப்பாக இருக்கும். வளர்ந்ததைப் பிடுங்க வேண்டாம். இரண்டுக்கும் மணம் தருவது அனெத்தோல் என்ற வாசனைப் பொருள்தான். குழம்புக்கு அதுவே போதும்.

ஆடிப்பட்டத்தில் அனிஸ் போடலாமா? (மன்னார்குடி)

கூடாது. விதைத்து விதை எடுக்க ஏறக்குறைய 120 நாள் ஆகும். ஆடியில் போட்டால் பூக்கிற சமயம் ஐப்பசி அடைமழையில் சிக்கும். ஐப்பசியில் போட்டால் முளையே அழுகும். தையில் போட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் பூ கருகி விதை பதராகும். மிஞ்சுவது கார்த்திகைக் கடைசியும் மார்கழி முதல் பத்து நாளும். அப்போதும் மழை ஓயவில்லை என்றால் செடி வளர்க்கும் பையைத் தாழ்வாரத்தில் வைத்து விதைத்து, வானம் வெளுத்ததும் வெயிலுக்கு மாற்றுங்கள். பருவம் தப்பியவர்கள் விதையை மறந்துவிட்டு இலைக்காக வளர்க்கலாம். ஆறேழு வாரத்தில் கிள்ளலாம். உள்ளதைச் சொன்னால், டெல்டாவின் சூட்டில் இது மூட்டை கட்டும் பயிரல்ல. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி விதை வந்தாலே நல்ல விளைச்சல்.

நாற்றுவிட்டுப் பெயர்த்து நட்டேன், அத்தனையும் வாடிவிட்டது. (திருவாரூர்)

ஆணிவேர்ச் செடி இது. பெயர்க்கும்போது வேர் நுனி அறுந்தால் தேறாது. ஓரடி ஆழமுள்ள பையில் நேரடியாக விதையுங்கள்.

வயல் களிமண்ணை மட்டும் நிரப்பினால் ஈரத்தில் நீர் கோத்துக்கொள்ளும், காய்ந்தால் மேல்மண் இறுகி முளையை வெளியே விடாது. வண்டல் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு சரியாக இருக்கும். பச்சைச் சாணி போடாதீர்கள். கடலைப்புண்ணாக்குக் கரைசலையும் அள்ளி ஊற்ற வேண்டாம்; தழைச்சத்து மிஞ்சினால் இலை தழைக்கும், தண்டு சாயும், விதை குறையும்.

விதையை ஒரு இரவு ஊறவைத்து, ஒட்டாத அளவுக்கு நிழலில் உலர்த்துங்கள். ஓரடி அகலப் பையில் நான்கு இடம், இடத்துக்கு மூன்று விதை, ஒரு செ.மீ. ஆழம். மேலே மணல் தூவி மெல்லிய வைக்கோல் மூடாக்குப் போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். முளைக்கப் பத்துப் பதினான்கு நாள், சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை கிளறிப் பார்க்காதீர்கள். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்றழுகல் வரும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் இடத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடிப்போகும்.

ஒன்றுமே முளைக்கவில்லை என்றால் விதை பழசு. விதைக்கும் முன் இருபது விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். பத்துக்குக் கீழ் முளைத்தால் வேறு விதை வாங்குவதே மேல்.

முதல் இலைகள் கொத்தமல்லி மாதிரி வட்டமாக இருக்கின்றன. விதைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (தஞ்சாவூர்)

இல்லை. அனிஸின் அடி இலை அப்படித்தான். மேலே போகப் போகத்தான் இறகாகப் பிரியும்.

இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் படிவு. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். (வேதாரண்யம்)

உப்பு. பையின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரை அடியில் வடியும்வரை ஊற்றிக் கழுவுங்கள். பிறகு சேமித்த மழைநீரோ குழாய்த் தண்ணீரோ கொடுங்கள். தினமும் சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு மேலேயே தங்கும்.

பூங்கொத்து முழுக்க அசுவினிப் பூச்சி. செடியும் சாய்கிறது. (மயிலாடுதுறை)

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, தேனீ அடங்கிய பிறகு மாலையில் தெளிக்கலாம். விதை பிடித்தபின் எதுவும் தெளிக்க வேண்டாம். சாய்வதற்கு மூங்கில் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

அன்னாசிப்பூவில் இருக்கும் விதையைப் போட்டால் முளைக்குமா? (நாகப்பட்டினம்)

அது தென் சீனா, வியட்நாம் பக்கத்து மரம். அனிஸுக்கு உறவே இல்லை. கடைக்கு வருவது பதப்படுத்திக் காயவைத்த காய். முயற்சி வேண்டாம்.

எப்போது அறுப்பது? (திருவையாறு)

கொத்துகள் ஒரே நாளில் முற்றாது. விதை பச்சை மாறிச் சாம்பல் பழுப்பானதும், அந்தந்தக் கொத்தைக் காம்போடு காலைப் பனி ஈரத்திலேயே வெட்டுங்கள். வெயில் ஏறினால் உதிரும். காகிதப் பைக்குள் தலைகீழாகக் கட்டி நிழலில் ஒரு வாரம் தொங்கவிட்டு, கையால் கசக்கிப் புடையுங்கள். வெயிலில் காயவைத்தால் மணம் போய்விடும். அடுத்த கார்த்திகைக்கான விதையைத் தனியே காற்றுப்புகாத சீசாவில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.