ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) நரம்பை அடக்கும் மருந்துதானே, பிறகு சில வலி மாத்திரைகளால் வலிப்பு வருவது ஏன்?

கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது: வலிப்பு மருந்தும் ஓபியாய்டும் நியூரானில் (நரம்பு செல்லில்) என்ன செய்கின்றன என்பதை ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

குழப்பமே 'அடக்கும்' என்ற சொல்லில்தான். எந்த நியூரானை அடக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாயினும் கார்பமசெபினும், நியூரானுக்குள் சோடியம் நுழையும் வாயிலான சோடியம் சேனலைப் பிடிப்பவை. ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தச் சேனல் திறந்து, பிறகு கொஞ்ச நேரம் முடங்கிக் கிடக்கும். மருந்து ஒட்டுவது அந்த முடங்கிய நிலையில்தான். அதனால் நிதானமாகத் துடிக்கும் நியூரான் தப்பிவிடும். வலிப்பின்போது படபடவென்று அடிக்கும் நியூரான் மாட்டிக்கொள்ளும்.

ஓபியாய்டின் வழி வேறு. நியூரானின் மேற்பரப்பில் ஓபியாய்டு ஒட்டும் இடமான மியூ ஏற்பியில் அமர்ந்ததும் பொட்டாசியம் சேனல்கள் திறக்கும், நரம்பு நுனியில் கால்சியம் சேனல்கள் அடைபடும். அந்த நியூரான் அடங்கிவிடும், சரி. ஆனால் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மியூ ஏற்பிகள் அதிகம் இருப்பது, மற்ற நியூரான்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளை வெளியிடும் இடைநியூரான்களில். அவை அடங்கினால், அவை இதுவரை அடக்கி வைத்திருந்த பிரமிட் செல்கள் (தூண்டும் வகை நியூரான்கள்) அவிழ்த்துவிட்டதுபோல் துள்ளும். பிரேக்குக்கே பிரேக் போட்டதுபோல. இது 1979-லேயே பதிவான விஷயம்.

இதை நேரில் பார்க்க, எலி மூளையை உறைநிலைக்கு அருகில் இருக்கும் கரைசலில் வைத்து 300 மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு குமிழியிடும் கரைசலில் ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு கண்ணாடிக் குழாய் முனையை (3 முதல் 5 மெகாஓம்) ஒரு பிரமிட் செல்லில் ஒட்டி, அதற்கு வந்துசேரும் காபா மின்னோட்டங்களைப் பதிவு செய்வார்கள். மியூ ஏற்பியை மட்டும் தூண்டும் டாம்கோ என்ற ஆய்வக ஓபியாய்டை 1 மைக்ரோமோலார் ஊற்றினால் அந்த மின்னோட்டங்கள் குறையும். ஓபியாய்டின் முறிமருந்தான நலாக்சோன் சேர்த்தால் திரும்பி வரும். டெட்ரோடோடாக்சின் என்ற நச்சைப் போட்டுத் துடிப்புகளை நிறுத்திய பிறகும் எண்ணிக்கை மட்டும் குறைந்து, ஒவ்வொன்றின் உயரமும் மாறாமல் இருந்தால், மருந்து வேலை செய்வது காபாவை அனுப்பும் பக்கத்தில் என்று முடிவு செய்யலாம்.

கோட்டை விடும் இடங்கள் நிறைய. பதிவின் நடுவே குழாயின் வாய் மெல்ல அடைத்துக்கொண்டால் மின்தடை ஏறி மின்னோட்டம் சின்னதாகத் தெரியும். பார்ப்பவர் அதை மருந்தின் விளைவு என்று நினைத்துக்கொள்வார். அதனால் இடையிடையே 5 மில்லிவோல்ட் துடிப்பு கொடுத்துச் சரிபார்த்து, 20 சதவீதத்துக்கு மேல் மாறிய பதிவைத் தூக்கிப்போட வேண்டும். ஏற்பியுள்ள இடைநியூரானிலேயே பொட்டாசியம் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும்போது குழாய்க் கரைசலில் ஜிடிபி (GTP, ஏற்பியின் சைகையை உள்ளே கடத்தத் தேவையான மூலக்கூறு) சேர்க்க மறந்தால், ஓபியாய்டுக்கான பதில் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். டாம்கோவுக்கு ஏற்பி சில நிமிடங்களிலேயே மரத்துப்போவதால், ஒரு சீவலுக்கு ஒரு முறைதான். ஃபெனிட்டாயினைச் சோதிப்பவர் செல்லை மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் பிடித்து ஒரே ஒரு துடிப்பு கொடுத்துப் பார்த்தால், மருந்து வேலையே செய்யவில்லை என்றுதான் தோன்றும். தொடர் துடிப்பு கொடுத்தால்தான் அதன் முகம் தெரியும்.

இனி மாத்திரைக்கு வருவோம். வழக்கமான அளவில் மார்ஃபினால் வலிப்பு வருவது அரிது. டிரமடால், பெத்திடின் என்ற இரண்டு ஓபியாய்டுகள்தான் தொல்லை. டிரமடால் செரோடோனின், நார்அட்ரினலின் இரண்டின் மறுஉறிஞ்சலையும் தடுக்கும். ஒரு நாளைக்கு 400 மி.கி. என்பது பெரியவர்களுக்கான உச்சவரம்பு. மூச்சு மந்தமானால் நலாக்சோன் கொடுக்கலாம், ஆனால் டிரமடால் மிகையளவில் அதுவே வலிப்பைத் தூண்டவும் கூடும். பெத்திடின் கல்லீரலில் நார்பெத்திடினாக மாறும். வலிப்பைக் கிளப்புவது இதுதான், நலாக்சோனுக்கு இது கட்டுப்படாது. சிறுநீரகம் சரியில்லாதவர் உடலில் இது தேங்கிவிடும்.

அடுத்தது அதிகம் பேசப்படாத சிக்கல். கார்பமசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால் மூன்றும் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 போன்ற கல்லீரல் நொதிகளை ஓரிரு வாரங்களில் முடுக்கிவிடும். மெத்தடோன் என்ற ஓபியாய்டை எடுப்பவருக்கு அதன் அளவு இரத்தத்தில் இறங்கி, மருந்தை நிறுத்தியதுபோன்ற விலகல் அறிகுறிகள் தலைதூக்கும். இதைவிட ஆபத்து எதிர்த்திசையில்: ஃபென்டனில் என்ற ஓபியாய்டின் பட்டையைத் தோலில் ஒட்டியிருப்பவர் கார்பமசெபினை நிறுத்தினால், நொதி சில வாரங்களில் பழைய நிலைக்கு இறங்கும். பட்டை அதே அளவு, ஆனால் மருந்து இரத்தத்தில் ஏறும், மூச்சு மந்தமாகும். லெவெடிராசிட்டாம் என்ற வலிப்பு மருந்துக்கு இந்த நொதி வம்பு இல்லை. எதுவானாலும் வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தவோ மாற்றவோ கூடாது; மருத்துவர் மாற்றும்போது எந்தத் தேதியில் எது தொடங்கியது, எது நின்றது என்று எழுதி வைத்துக் காட்டுங்கள்.

காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவையும் வலிப்பு மருந்துகள்தான், ஆனால் வேறு வகை. பெயரில் காபா இருந்தாலும் காபா ஏற்பியைத் தொடாது. கால்சியம் சேனலின் ஆல்ஃபா-2-டெல்டா துணை அலகில் ஒட்டும். ஓபியாய்டுடன் சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் எச்சரித்தது. முதியவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் கூடுதல் கவனம் தேவை. நலாக்சோன் ஓபியாய்டின் பங்கை மட்டுமே விலக்கும், அதுவும் 30 முதல் 90 நிமிடம் வரைதான். காபாபென்டினின் பங்கு அப்படியே இருக்கும். ஆகவே ஆள் கண்விழித்துவிட்டார் என்று தனியே விட்டுப் போகக்கூடாது.