பெர்லின் சுவர் ஏன் 12 ஆண்டு கழித்து வந்தது?

நண்பரே, 1949-லேயே ஜெர்மனி இரண்டாகிவிட்டது, சுவர் மட்டும் ஏன் 1961-இல் வந்தது என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. முதலில் வரைபடத்தைக் காட்டுங்கள். பெர்லின் இரு நாடுகளின் எல்லையில் இல்லை. கிழக்கு ஜெர்மனிக்குள் சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான்.

1952-இல் கிழக்கு அரசு நாட்டு எல்லையை அடைத்துவிட்டது. ஆனால் பெர்லின் நகரமும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்தது; நான்கு வல்லரசுகளின் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம்) பொறுப்பில் இருந்த அந்த நகருக்குள் வழி திறந்தே இருந்தது. கிழக்கில் நகர ரயில் ஏறி மேற்கில் இறங்கிவிடலாம்! 1961-க்குள் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் கிழக்கை விட்டுப் போய்விட்டார்கள். மருத்துவர்கள், பொறியாளர்கள், நிறைய இளைஞர்கள். அந்த வழியை அடைக்கத்தான் ஆகஸ்ட் 13 அதிகாலையில் முள்கம்பி இழுத்தார்கள். கான்கிரீட் எல்லாம் அப்புறம்தான். சுவர் சுற்றி வளைத்தது மேற்கு பெர்லினை. அதையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.