வீட்டைப் புதுப்பிக்கும்போது பொருள் தேர்வுகளைக் குறித்து வைப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான்கு கடைகளில் தரை டைல்ஸ் பார்த்து, கைப்பேசியில் அறுபது படங்கள் எடுத்தோம். இப்போது எது எந்தக் கடையுடையது என்றே தெரியவில்லை.

பதில்: கடைக்குள் நுழையும் முன் அதன் பெயர்ப்பலகையை முதல் படமாக எடுங்கள், அடுத்த பெயர்ப்பலகை வரும்வரை உள்ள படங்கள் எல்லாம் அந்தக் கடையுடையவை. டைல்ஸுடன், நிறுவனம், மாடல் எண், அளவு ஆகியவை அச்சிட்ட சீட்டையும் படமெடுங்கள். அன்றிரவே அவற்றை ஒரு நோட்டில், கடைவாரியாக அன்றி அறைவாரியாக எழுதிவிடுங்கள். ஏனெனில் வேலை நடக்கும்போது கொத்தனார் கேட்கப்போவது "குளியலறைச் சுவருக்கு எது?" என்பதைத்தான்.

கேள்வி: ஒருவர் சதுர அடிக்கும் இன்னொருவர் பெட்டிக்கும் விலை சொல்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது?

பதில்: ஜி.எஸ்.டி., வண்டி வாடகை, இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து, சதுர அடிக்கு எவ்வளவு என்ற ஒரே கணக்கில் எழுதுங்கள். இரண்டுக்கு இரண்டு அடி என்று கடையில் சொல்லும் 600 மி.மீ. டைல்ஸ், பெட்டிக்கு நான்கு இருந்தால், ஏறத்தாழ 15.5 சதுர அடி வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 120 சதுர அடி. வெட்டுச் சேதத்திற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 132. ஆக, ஒன்பது பெட்டிகள்.

கேள்வி: போதாமல் போன இரண்டு பெட்டிகளைப் பிறகு வாங்கினோம். அதே மாடல்தான், ஆனால் நிறம் வேறாக இருக்கிறது.

பதில்: சூளையில் ஒவ்வொரு முறை சுடும்போதும் நிறம் சற்றே மாறக்கூடும் என்பதால்தான் பெட்டியில் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிடுகிறார்கள். மாடல் எண்ணோடு இவற்றையும் குறித்துக்கொண்டு, வண்டியிலிருந்து இறக்கும்போதே பெட்டி பெட்டியாகச் சரிபாருங்கள். ஒட்டிய பிறகு கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. இப்போது வந்துள்ள இரண்டையும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் வரும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: குளியலறைச் சாமான்களைக் கடைசியில் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது, அதிகம் பேர் தவறுவது இங்கேதான். தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரின் பாடி, அதாவது உள்பகுதி, சுவருக்குள் புதைந்துவிடும். வெளியே பொருத்தும் பகுதி அந்த நிறுவனத்தின் அதே வகையாக இருக்க வேண்டும். ஆகவே நோட்டில் இரண்டின் எண்களும் ஒரே வரியில் இருக்கட்டும். வெஸ்டர்ன் கிளாசெட்டில் எஸ் டிராப் என்றால் கழிவுக்குழாய் தரையிலும், பி டிராப் என்றால் சுவரிலும் வரும். எஸ் டிராப்புக்கு, டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து குழாயின் மையம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதை நிறுவனத்தின் வரைபடத்தில் பார்த்து எழுதி, தரையை உடைக்கும் முன்பே பிளம்பரிடம் கொடுங்கள். நான் மேற்பார்த்த ஒரு வீட்டில் இந்த ஒரு எண் விடுபட்டதால், புதிதாக ஒட்டிய தரையை மீண்டும் உடைக்க நேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

கேள்வி: பெயின்ட்டுக்கு நிறத்தின் பெயர் போதுமா?

பதில்: ஷேடு எண்ணையும், எந்த வகைப் பெயின்ட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இயந்திரத்தில் கலந்து தரும்போது டப்பாவில் ஒட்டும் சீட்டைக் கிழித்து, அந்த அறைக்குரிய பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.