கிழித்துக் காட்டிய கணக்கு

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் உங்களால் மறக்க முடியாத ஆசிரியர் யார்? அவரிடம் அப்படி என்ன சிறப்பு?

பதில்: ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர்தான். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி என்று அவர் முதலில் சொல்லவே இல்லை. ஆளுக்கொரு காகித முக்கோணம் வெட்டி, மூன்று முனைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் நேர்கோடு வந்தது. கைதட்டினோம். "சரி, இங்கே இருக்கிற முக்கோணங்களுக்கு வந்துவிட்டது. மற்றதுக்கெல்லாம்?" என்றார். அப்புறம்தான் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து நிரூபித்தார்.

விடைத்தாளில் முழுக்கணக்கையும் அடிக்க மாட்டார். எந்த வரியில் தடம் மாறினோமோ, அதற்கு மட்டும் ஒரு வட்டம். மதிப்பெண் போடுவதில் மகா கஞ்சம்! கேட்டால், "கடன் கொடுக்கிற பழக்கம் இல்லை" என்பார்.