அந்தக் கிரீம் ட்யூபைத் தூக்கி எறியாதீர்கள்

கும்பகோணம் சகோதரிக்கு,

பார்லரில் தந்த கிரீமை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிகிறது, ஆவணியில் கல்யாணம், லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டவே வேண்டாம். எரிகிற தோலில் லேசர் பட்டால் கருந்திட்டு விழக்கூடும்.

ட்யூபின் பின்புறப் பொடி எழுத்தைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதது. விட்டதும் எரிவது அதன் குணம். எரிச்சல் பொறுக்காமல் நீங்களாக மறுபடி தடவாதீர்கள். ட்யூபோடு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள்.

அதுவரை எலுமிச்சை, மஞ்சள் எதுவும் முகத்தில் வேண்டாம். அத்தைமார் விடமாட்டார்கள், தெரியும். நலங்கைக் கை காலோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பார்லரில் குளுட்டாதயோன் ஊசி என்று பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நிறத்துக்கென்று அந்த ஊசிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை.